மேசை மேல் செய்த பொருத்தனை

சாப்பாட்டு மேசையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு காற்று வளையம். என் மகள் சின்ன வயதில் நீச்சல் பழகியது. வாத்துப் படம் போட்டது. அப்படியே ஏறாததால் பாதிக் காற்றை இறக்கி, மாட்டிக்கொண்டு, மறுபடி ஊதியிருந்தேன். ஒரு கையில் வேதப்புத்தகம். இன்னொரு கையில் ரேஷன் கார்டு.

பரலோகத்தில் ரேஷன் கார்டு எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்தவன் எதையாவது பிடித்துக்கொள்வான்.

“இறங்குங்க. ஃபேன்ல தலை இடிக்கும்” என்றாள் என் மனைவி எஸ்தர்.

“கரண்ட்தான் இல்லையே.”

“வந்தா?”

வெள்ளத்தில் சாகத் தயாராக இருந்த நான், மின்விசிறி அடித்துச் சாகத் தயாராக இல்லை. உடனே குனிந்துகொண்டேன். ஆனால் இறங்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சுக்கு வியாபாரத்தில் ஏமாந்த கதையைப் படித்துவிட்டு, “இவ்வளவு அசடா நீங்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் பதில் கிடைக்கும்.

தண்ணீர் வந்த விதம்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு கிடங்கில்தான் எனக்கு மேற்பார்வை வேலை. மழைத் தண்ணீர் சந்தில் புகுவது புதிதல்ல. கடல் ஏறிக் காயல் நிரம்பும் ஏற்ற நேரம் என்றால் தண்ணீர் வடியாது. இறக்கம் வந்ததும் போய்விடும். வாசலில் செருப்பு மிதந்தால் எடுத்து உள்ளே வைப்போம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அப்படி இல்லை. கேரளம் முழுக்கத் தண்ணீர். அணைகள் திறந்தார்கள். கிழக்கே மலைகள் சரிந்தன. தொலைக்காட்சியில் வீட்டுக் கூரை மேல் ஆட்கள் நின்று கையை ஆட்டினார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குள் தண்ணீர் ஏறியது. சந்துக்குள் அது முழங்கால் அளவுகூட வரவில்லை. என் மூளைக்குள் கழுத்தைத் தாண்டிவிட்டது.

வாசலில் பக்கத்து வீட்டுப் பிலோமினா சேச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனார். கையில் ஒரு பை நிறையக் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“எந்தா சாமுவேலே, சர்க்கஸோ?”

“வெள்ளம் சேச்சி! வெள்ளம்!”

“வெள்ளத்தில்தானே ஞான் நிக்குன்னது? எனிக்கு அறியில்லே?” என்று சிரித்தார். மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். பிறகு, “எஸ்தரே, கப்பை புழுங்கி வெக்காம். ஆ மனுஷன் இறங்கி வந்தால் கொடு” என்று சொல்லிப் போனார்.

அடுத்து வந்தவள் வசந்தா. சந்தின் தாழ்ந்த கோடியில் இருப்பவள், எங்கள் சபைக்காரி, ரவிக்கையும் சல்வாரும் தைப்பவள். தையல் மெஷினின் தலைப்பகுதியைக் கழற்றி, குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. புருஷன் தங்கதுரை ஊரில் இல்லை. மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வருவான்.

அவள் மெஷினை மேசை மேல் வைக்க வந்தாள். மேசை மேல் நான் இருந்தேன்.

“கொஞ்சம் நகருங்கண்ணே” என்றாள், பேருந்தில் கேட்பதுபோல.

நகர்ந்தேன். தண்ணீர் எங்கள் வாசற்படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் படி மட்டும் மிச்சம். அப்போதுதான் நான் அதைச் செய்தேன். மேலே பார்த்து, அந்தச் சந்துக்கே கேட்கும்படி கத்தினேன்.

“ஆண்டவரே! தண்ணி கடைசிப் படியத் தாண்டாம நிறுத்தும்! நிறுத்தினீருன்னா வர்ற ஞாயித்துக்கிழமை சபை முன்னால எழுந்து நின்னு சாட்சி சொல்றேன்!”

இதற்குப் பொருத்தனை என்று பேர். கோயிலுக்குப் போகிறவர்கள் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வதில்லையா, அதுபோல. எங்கள் முறையில் முடி மிஞ்சும், மானம்தான் போகும். ஆண்டவர் கேட்டதைச் செய்தால், சபை கூடியிருக்கும்போது எழுந்து நின்று, அவர் எனக்கு இன்னது செய்தார் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆண்டவரையே ஏமாற்றியதுபோல.

தண்ணீர் நின்றது.

நிஜமாகவே நின்றது. கடைசிப் படியின் விளிம்பை நக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இறங்கியது. நானும் இறங்கினேன். வாத்து வளையம் மட்டும் இறங்கவில்லை. எஸ்தர் கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒரே குத்து. இத்தனை வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் அவள் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் கண்டதில்லை.

மூலையில் ஒரு கேள்வி

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. தொலைக்காட்சியும் உயிர் பெற்றது. அதில் ஒரு மலைச் சரிவைக் காட்டினார்கள். பச்சைத் தேயிலைக்கு நடுவே, யாரோ நகத்தால் கீறியதுபோல் செம்மண் கோடு. முந்தின நாள் சாயங்காலமே சரிந்திருக்கிறது. தோட்டத்தின் பேரைச் சொன்னதும் மூலையில் உட்கார்ந்திருந்த வசந்தா எழுந்து நின்றாள்.

தங்கதுரை இருந்த தோட்டம்.

அவள் முந்தின இரவு முழுக்க அவனுக்குப் போன் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “சுவிட்ச் ஆஃப்னே சொல்லுதுண்ணே. மழையில டவர் இருக்காதுன்னு நெனச்சேன்” என்றாள். மறுபடி போட்டாள். மறுபடி அதே குரல்.

நான் பேசத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கிடங்கில், எங்கேயும் ஒரு வார்த்தை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். அன்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கத்தான் தெரிந்தது.

வசந்தா என்னைப் பார்த்தாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

“அண்ணே, நீங்க ஒருவாட்டி கத்தினீங்க. தண்ணி நின்னுட்டுது. நான் நேத்து ராத்திரி பூரா கேட்டேனே. எனக்கு மட்டும் ஏண்ணே கேக்கல?”

எஸ்தர் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் அடுப்படிக்குப் போய், குடிக்காத தண்ணீரைக் குடிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் சபையின் மூன்று கட்சிகள்

எங்கள் தமிழ்ச் சபை சின்னது. மலையாள சபையார் காலை ஆராதனை முடித்துப் போன பிறகு, அதே கட்டடத்தில் மத்தியானம் நாங்கள் கூடுவோம். நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்த சூடு இருக்கும். பாத்திரக்கடைக்காரர், ஓட்டல் வேலைக்காரர், கட்டட வேலைக்காரர், என்னைப் போல் அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்டவர் என்று எல்லாம் கலந்த கூட்டம்.

சபைக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. வெள்ளம் வந்த வாரம் அதில் மூன்று கட்சிகள் உருவாயின.

முதலாவது தீர்ப்புக் கட்சி. தலைவர் செல்லையா அண்ணாச்சி. தென் மாவட்டத்து நாசரேத் ஊர்க்காரர், பாத்திரக்கடை வைத்திருப்பவர், போதகர் இல்லாத நாளில் ஆராதனை நடத்துபவர். ‘ஜனங்களின் பாவம் பெருத்தது, தண்ணீர் வந்தது’ என்று காலையிலேயே போட்டுவிட்டார். யார் பாவம் என்று சொல்லவில்லை. அவருடைய கடை மேட்டில் இருக்கிறது.

இரண்டாவது சோதனைக் கட்சி. ஆண்டவர் பொன்னைப் புடமிடுகிறார், மண்ணைப் பிசைகிறார் என்பார்கள். இவர்கள் நல்லவர்கள். ஆனால் அடுத்தவன் புடத்தில் இருக்கும்போதுதான் இவர்களுக்கு அருமையாகப் பேச்சு வரும்.

மூன்றாவது கடைசிநாள் கட்சி. உலகம் முடியப்போகிறது என்று எழுதிவிட்டு, அடியிலேயே, தீபாவளி லீவுக்கு நாகர்கோவில் ரயிலில் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

வேதத்தில் ஒருவன் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது, சிநேகிதர்கள் வந்து ஒரு வாரம் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் பேசத் தொடங்கினார்கள். அன்று கெட்டது இன்றுவரை சீராகவில்லை.

எனக்கு என் அப்பா நினைவு வந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் நாளில் ஒரு புயல் எங்கள் வீட்டு ஓடுகளை அள்ளிக்கொண்டு போனது. அப்பா மழையில் நனைந்தபடி முழங்கால் போட்டு, “ஓட்டை எடுத்தீர், உத்திரத்தை விட்டீர், ஸ்தோத்திரம்” என்றார். அம்மா பாத்திரங்களை ஒழுகும் இடங்களில் வைத்தபடியே, “ஓட்டை எதுக்கு எடுத்தாருன்னு அதையும் ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள். அப்பா கேட்கவில்லை. அம்மா அன்று இரவு தனியாகக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் ஜெபம் வெகுநேரம் நீண்டது.

விடுதலை கேட்டுப் போட்ட போன்

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க நான் காலண்டர் பக்கமே திரும்பவில்லை. தங்கதுரையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தோட்டத்துக்குப் போகும் பாலம் உடைந்து கிடந்தது. வசந்தா சபைக்கு வருவாள். அவள் முன்னால் எழுந்து நின்று, ‘நான் கேட்டேன், ஆண்டவர் செய்தார்’ என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் பொருத்தனை. சொன்னால் வசந்தா.

காய்ச்சல் என்று படுத்துவிட நினைத்தேன். எஸ்தர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு” என்றாள்.

கடைசியில் போதகருக்குப் போன் போட்டேன். அவர் இடப்பள்ளிப் பக்கம் ஒரு வெள்ள நிவாரண முகாமில் இருந்தார்.

“ஐயா, பொருத்தனையிலிருந்து விடுதலை வாங்க ஏதாவது வழி உண்டா?”

விஷயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“சாமுவேல், வெள்ளம் ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இங்க கக்கூஸ் அடைச்சிருக்கு. அது ஏன்னு தெரியும். அதைத்தான் இப்ப குத்திக்கிட்டு இருக்கேன்.”

“அப்ப நான் என்ன சொல்ல ஐயா?”

“பார்த்ததை மட்டும் சொல்லுங்க. ஆண்டவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு அவருக்குப் பதிலா நீங்க சொல்ல வேண்டாம்.” போனை வைத்துவிட்டார். உள்ளே யாரோ வாளி கேட்டுக் கத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

வசந்தா வந்தாள். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் போன்.

ஆராதனையைச் செல்லையா அண்ணாச்சி நடத்தினார். பாட்டு முடிந்து ஜெபவேளை. எங்களுக்கு அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வியாதியஸ்தருக்காக. அடுத்து ஆபத்திலும் பிரயாணத்திலும் இருப்பவர்களுக்காக. கடைசியில், துக்கத்தில் இருக்கும் குடும்பங்களின் ஆறுதலுக்காக.

அண்ணாச்சி வியாதியஸ்தர் பேர்களைச் சொன்னார். ஆபத்தில் இருப்பவர்களைச் சொன்னார். அதில் தங்கதுரை பேர் வரவில்லை. கண்ணை மூடியிருந்த நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

“எங்கள் சகோதரி வசந்தாவின் குடும்பத்தை ஆறுதல்படுத்தும் கர்த்தாவே…”

“அண்ணாச்சி.”

ஜெபத்தின் நடுவில் யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. வசந்தா எழுந்து நின்றிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரர் சாகல. ஆறுதல் எனக்கு வேண்டாம். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி ஜெபிங்க. அந்த வரிசையில போடுங்க. நீங்களே முடிவு பண்ணாதீங்க.”

அண்ணாச்சியின் முகம் செம்புப் பாத்திரம்போல் ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருந்தார். “ஆபத்தில் இருக்கும் தங்கதுரையை…” என்று திரும்பத் தொடங்கி, ஆமென் சொல்லி முடித்தார்.

அந்தச் சங்கடத்தை எப்படியாவது மூடவேண்டும் அவருக்கு. சபையைச் சுற்றிப் பார்த்தார். கண் என் மேல் விழுந்தது.

“சாமுவேலு, நீ ஏதோ சாட்சி சொல்லணும்னு எஸ்தர் சொன்னாளே. வாடே.”

உலகத்தில் இதைவிட மோசமான நேரம் ஒன்று இருந்தால் காட்டுங்கள். கால் என்னை முன்னால் கொண்டுபோனது. தலை வாசலைப் பார்த்தது.

மேசையைச் சொன்னேன். வாத்தைச் சொன்னேன். ரேஷன் கார்டைச் சொன்னேன். வழக்கமாகச் சிரிப்பவர்கள் சிரிக்கவில்லை, வசந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தின இடம் வந்தது.

“தண்ணி நின்னுது” என்றேன்.

அடுத்த வாக்கியம் வரவேண்டும். வரவில்லை.

“நின்னுது. ஏன் நின்னுதுன்னு தெரியல. எங்க வீட்டுல நின்ன தண்ணி வசந்தா வீட்டுக்குள்ள இருந்துச்சு. நான் நல்லவன்னு நின்னிருந்தா, அவ வீட்டுக்குள்ள எதுக்குப் போச்சு? என்னால பாதிதான் சொல்ல முடியுது அண்ணாச்சி. மன்னிக்கணும்.”

போய் உட்காரத் திரும்பினேன். வசந்தா தலையை நிமிர்த்தினாள்.

“கத்தரிக்கோலால குத்தினதை விட்டுட்டீங்கண்ணே.”

அவள் உதடு கோணியது. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, சபையே சிரித்தது. அண்ணாச்சிகூட. வசந்தா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று ஆராதனை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் வீட்டுக்குப் போனோம். சேறு கழுவினோம். அண்ணாச்சி கடையிலிருந்து புதுப் பாத்திரங்களோடு வந்து, தானே அடுக்கினார். பிலோமினா சேச்சி கப்பையும் மீன் கறியும் கொண்டுவந்தார். யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தெரியாத எண்

இரண்டு மூன்று நாள் கழித்து, கிடங்கில் இருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்டு எனக்குத் தினமும் போன் வரும். வெட்டினேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். மூன்றாவது தடவை கோபத்தோடு எடுத்தேன்.

“வேண்டா! லோன் வேண்டா! இனி விளிக்கண்டா!”

“அண்ணே, வச்சிராதீங்க! தங்கதுரைண்ணே. என் போனு மண்ணுக்குள்ள போயிட்டு. வசந்தா நம்பர் மனசுல இல்ல. உங்க நம்பர்தான் கிடங்குச் சுவத்துல எழுதியிருக்குமே, அதுதான் ஞாபகம் இருந்துச்சு.”

ஓடினேன். எனக்கு இருக்கும் தொப்பைக்கு அது ஓட்டமா என்பது வேறு விஷயம். மிளகு மூட்டை ஏற்றிய வண்டியை இடித்து, ஒரு ஆட்டைத் தாண்டி, சந்துக்குள் போனேன். வசந்தா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்து துணி விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, என் ஓட்டத்தை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று.

சொல்லலாம் என்றால் மூச்சு இல்லை. போனை நீட்டினேன். இணைப்பு அறுந்திருந்தது.

“இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே!”

தலையை மேலும் கீழும் ஆட்டினேன். அதை அவள் நம்பவில்லை. அந்த எண்ணைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

“ஹலோ” என்றாள். அப்புறம் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள். அந்த மனுஷன் மண்சரிவில் தப்பியது பெரிதில்லை. அந்தத் திட்டில் தப்பியதுதான் பெரிது.

நான் படியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதேன். பிலோமினா சேச்சி பார்த்துவிட்டார். “சாயா எடுக்கட்டே?” என்றார். தலையாட்டினேன்.

பீடி வாங்கப் போனவன்

அடுத்த ஞாயிறு தங்கதுரை சபைக்கு வந்தான். இளைத்திருந்தான். நகக்கண்களில் செம்மண் இன்னும் இருந்தது. எல்லாரும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்று கட்சிக்காரர்களும் காரணம் கேட்கக் காத்திருந்தார்கள். போதகர் திரும்பி வந்து பின்வரிசையில் களைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. “எழுந்து சாட்சி சொல்லுடே தங்கதுரை. ஆண்டவர் உன்னைக் காப்பாத்துனதைச் சொல்லு” என்றார்.

தங்கதுரை எழுந்தான். வெட்கப்பட்டான்.

“அண்ணாச்சி கோவப்படக்கூடாது. நான் பீடி வாங்கப் போனேன்.”

பீடியை எதிர்த்து அண்ணாச்சி எத்தனை பிரசங்கம் செய்திருப்பார் என்று எங்கள் சபைக்குத் தெரியும். யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள்.

“ஓடையைத் தாண்டிக் கடை. வாங்கிட்டுத் திரும்பினேன். மலை இறங்கிட்டுது. நாங்க இருந்த லயத்து வீட்டு வரிசையே இல்ல. எங்க பக்கத்து வீட்டுப் பழனியும் அவன் பெஞ்சாதியும் உள்ள இருந்தாங்க. எனக்குத் தினமும் சோறு போட்டவங்க. பழனி பீடி குடிக்காதவன். என்னைவிட நல்லவன். ரெண்டு பேரையும் நாங்கதான் தோண்டி எடுத்தோம்.”

தன் நகக்கண்களைப் பார்த்தான்.

“உயிரோட இருக்கேன். அதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். காரணம் மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. பழனி வீட்டாளுங்க கேட்டா, அவங்க முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியாது.”

உட்கார்ந்தான். அண்ணாச்சி வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: “பழனியோட பெஞ்சாதி பேரு என்னப்பா?”

“முத்துலெச்சுமி.”

அவர்கள் பெயர்களைச் சொல்லி அண்ணாச்சி ஜெபித்தார். அவர்கள் எங்கள் சபை அல்ல, எங்கள் மார்க்கமும் அல்ல. யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. தங்கதுரை சட்டைப் பையைத் தடவினான். வசந்தா பார்த்துவிட்டாள்.

“இன்னும் அதை வச்சிருக்கீங்களா?”

“அதுதானடி என்னைக் காப்பாத்துச்சு.”

“இப்பத்தான் காரணம் சொல்ல மாட்டேன்னீங்க?”

அவன் அசடு வழியச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டையின் பின்நுனியைக் கையில் பிடித்திருந்தாள். சாலையைக் கடக்கும்போது பிடித்தாள் என்று நினைத்தேன். கடந்த பிறகும் விடவில்லை. சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விடவே இல்லை.